நாலு வண்டியும் எங்கள் சாரும்

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். இரண்டு வேண்டுமென்றால் நான்கு கேட்போம். மேலே இருப்பவர்கள் பாதியை வெட்டுவார்கள், நமக்கு வேண்டியது வந்து சேரும். வெட்டியவருக்கும் ஒரு திருப்தி. கள்ளக்குறிச்சியில் நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இது பொய்த்ததே இல்லை.

கல்வராயன் மலைக்கு வெளிநாட்டு உதவியில் ஆம்புலன்ஸ் ஜீப் வரப்போகிறது என்றதும் அப்படித்தான் செய்தோம். வெள்ளிமலைப் பக்கம் ஒன்று, கரியாலூர் பக்கம் ஒன்று, ஆக இரண்டு கட்டாயம் வேண்டும். அதனால் நான்கு என்று எழுதினோம்.

பேச்சுவார்த்தை கரியாலூரில். உதவி தரும் நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார். எங்கள் தரப்பில் அதிகாரியான சார், அவர் பேச்சை இங்கிலீஷில் சொல்ல நான், மலையைப் பற்றிக் கேட்டால் சொல்ல அங்கேயே வேலை பார்க்கும் நர்ஸம்மா. எந்த வண்டியை எப்போது விட்டுக்கொடுப்பது என்று சார் மலையேறும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த அம்மா தாளைப் பார்த்தார். “நான்குதானே? தருகிறோம்” என்றார்.

நான் தமிழில் சொன்னதும் சார் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாம்மா இது, ஒரு கேள்வி கூட கேக்கல? ஏதோ வில்லங்கம் இருக்குது. மூணு போதும்னு சொல்லு.”

“அவங்கதான் தரேன்றாங்களே சார்!”

“சொல்றத சொல்லும்மா.”

தலையெழுத்தே என்று அதை இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. “அப்படியானால் இரண்டு போதுமா?” என்றார்.

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்டு விழுந்துவிட்டதே! “தாராளமா போதும்” என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். மனுஷர் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். “ஒண்ணு குடுத்தா கூட சமாளிச்சிப்போம். பழைய வண்டின்னாலும் பரவால்ல.” அதையும் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் மேலிடத்தில் இப்படிக் குழைந்தால், “அட, ரெண்டாவே வெச்சிக்கய்யா” என்பார்கள். இந்த அம்மா ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

நர்ஸம்மா எழுந்துவிட்டார். “இன்னா சார் பேசறீங்க? போன மழையில ஒரு புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்கினு எறங்கனோம். பாதி வழியிலயே பொறந்துச்சு. தாயும் புள்ளயும் பொழச்சதே பெருசு. பழைய வண்டி மலையில நின்னு போச்சுன்னா நீங்க வந்து தள்ளுவீங்களா?”

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார்.

“நன்றி சொல்றாங்கன்னு சொல்லிடும்மா” என்று சார் என் காதைக் கடித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். புது வண்டியே தருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்றுதான். அதிகாரியே ஒன்று போதும் என்ற பிறகு தன்னால் கூட்டிக் கொடுக்க முடியாதாம்.

திரும்பும்போது வழியில் இறக்கிவிட நர்ஸம்மாவையும் எங்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். “எப்படியோ, புது வண்டி வாங்கிட்டோம் பாத்தியா” என்றார் சார், ஏக குஷியாக.

“ஒரே நேரத்துல வெள்ளிமலையில ஒருத்திக்கும் கரியாலூர்ல ஒருத்திக்கும் வலி எடுத்தா, வண்டிய எந்தப் பக்கம் சார் அனுப்பறது?” என்று நர்ஸம்மா கேட்டார்.

சார் விரல்விட்டு எண்ணினார்.

“அடுத்த வருசம் எட்டு கேட்டுருவோம்.”

“கேளுங்க சார்” என்றார் நர்ஸம்மா. “கேட்டுட்டு, அவங்க தரேன்னு சொன்னா பேசாம இருங்க.”