தெரியாது என்று ஒரு பதில்

பேருந்து வருவதற்கு முன்பே அதைத் தவறவிட்டுவிட்டதாக நினைத்துப் பதறுகிற ஆள் நான். பெங்களூரில் எனக்கு வாய்த்த வேலையும் அந்தப் பதற்றத்துக்குத் தீனி போடுகிற வேலைதான். தொண்ணூறுகளின் நடுவில், இணையம் என்ற பேச்சே ஊரில் இல்லாத காலத்தில், கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை எழுதும் குழு ஒன்றில் நானும் இருந்தேன். குழு என்றால் ஒரு அறையில் கூடி உட்கார்ந்தவர்கள் அல்ல. பல நாடுகளில் இருந்துகொண்டு மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த வாக்கியத்துக்கு யார் கோபப்படுவார் என்பது எல்லோருக்கும் அத்துப்படி.

ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகளுக்குக் கவலையே இல்லை. இந்த முகவரிக்காரர் யாரப்பா என்று ஒன்று கூவினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். உரியது மட்டும் பதில் சொல்லும். ராஜபாளையத்தில் மில் சங்கு ஊதினால் ஊருக்கே கேட்கிற மாதிரி. ஆனால் தூரத்து ஊர்களை இணைக்கும் சில வலைப்பின்னல்கள் தொலைபேசி மாதிரி. ஒருவரை அழைத்து ஒருவரோடுதான் பேச முடியும். பொதுவாகக் கூவ வழியில்லை. அங்கே ஒரு கணினி இன்னொன்றின் எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கும்? விலாசம் சொல்வதற்கென்றே சில கணினிகளை நிறுத்தி, அவற்றிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் வரைவு. கேட்கப்பட்ட கணினிக்கே விடை தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற பத்தி என் தலையில் விழுந்தது.

தெரியாவிட்டால், தெரிந்திருக்கக்கூடிய அடுத்த கணினிக்குக் கேள்வியை அனுப்பிவிடு என்று எழுதினேன். பலருக்கும் அது பிடித்திருந்தது. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் மட்டும், கேட்டவருக்கு ‘தெரியாது’ என்று ஒரு பதில் போயே ஆக வேண்டும் என்று மாதக்கணக்கில் பிடிவாதம் பிடித்தார். முகத்தில் அடித்தாற்போல் தெரியாது என்பது என்ன மரியாதை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் பக்கம் வழி கேட்டு வந்தவரிடம் யாரும் தெரியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். ‘நேரே போயி அந்தா இருக்கிற டீக்கடையில கேளுங்க’ என்றாவது சொல்வார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அந்தப் பழக்கத்தைத்தான் ஆங்கிலத்தில் விதியாக எழுதி வைத்திருக்கிறேன் என்று எனக்கே தோன்றவில்லை.

வரைவின் மீது கருத்துச் சொல்லக் கடைசி நாள் நெருங்கியபோது நான் ஊரில் இருந்தேன். தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். அவள் கணவரும் பெங்களூரில்தான் வேலை பார்த்தார். குழந்தை பிறந்த பிறகு வருவதாக ஏற்பாடு. வீடு ராஜபாளையத்தில் என்றாலும், கைராசிக்காரி என்று அம்மா நம்பிய டாக்டரம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அங்கேயே சேர்த்திருந்தோம்.

காலையில் பெண் குழந்தை பிறந்தது. சர்க்கரை வாங்கப் போன அப்பா திரும்புவதற்குள் நர்ஸுகளின் நடை மாறிவிட்டது. தங்கச்சிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் ரத்தம் ஓ நெகட்டிவ். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது இல்லை. மதுரைக்குக் காரில் ஆள் அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள், இந்த ஊரிலேயே யாராவது கிடைக்கிறார்களா என்று பாருங்கள் என்றார் டாக்டரம்மா. அப்பா மதுரைக்குப் போனார். நான் கம்பவுண்டரிடம் போய் நின்றேன்.

“சைக்கிள் கடை அண்ணாச்சியப் போயிப் பாருங்க தம்பி. ரத்தம் குடுக்கிற ஆளுக எல்லாரையும் அவியளுக்குத் தெரியும்” என்றார் அவர். ஓடினேன்.

சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, கலர் வாங்கி வர ஆள் அனுப்பினார். வேண்டாம் அண்ணாச்சி என்றால் கேட்கவில்லை. “செத்த நேரம் மூச்சு வாங்கிக்கோங்க. நம்ம பள்ளிக்கூடத்து டிரில் சார் பயலுகளுக்கெல்லாம் ரத்த டெஸ்ட்டு எடுத்து வச்சிருக்காக. அவியகிட்டக் கேட்டா எம்புட்டுப் பேரு வேணும்னாலும் கிடைக்கும்.” அந்த ‘எம்புட்டுப் பேரு’ என்ற சொல்லில் எனக்கு உயிர் வந்தது. கலரைக் குடிக்காமலே ஓடினேன்.

டிரில் சார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். எழுந்து சட்டையை மாட்டி, நான் சொன்னதையெல்லாம் நிதானமாகக் கேட்டார். டெஸ்ட் எடுத்த பையன்களெல்லாம் படிப்பு முடிந்து போய்விட்டார்களாம். சொல்லிவிட்டு ஆறுதலாக என் தோளில் கை வைத்தார்.

“கவலைப்படாதீங்க. டாக்டரம்மா ஆஸ்பத்திரியில ஒரு கம்பவுண்டர் இருக்காரு. அவருக்குத் தெரியாத ஆளே இந்த ஊர்ல கிடையாது. நேரா அவருகிட்டப் போங்க.”

வெயிலில் அவர் வீட்டு வாசலில் அப்படியே நின்றேன். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் எனக்கு உதவி செய்துவிட்டதாகவே நினைத்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. என் கேள்வி புறப்பட்ட இடத்துக்கே திரும்பப் போகிறது, அங்கிருந்து மறுபடி சைக்கிள் கடைக்குப் போகும், அதற்குள் என் தங்கச்சி செத்துப்போவாள். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் டிரில் சார் மீதா, என் பத்தி மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டைம் கீப்பர் அறையில் மைக் இருந்தது. பஸ்ஸுக்கு உள்ள மைக் தம்பி, இதில் வேறு எதுவும் பேசக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்தார். சேத்தூர் வண்டி புறப்படுவதை அறிவித்தார். பிறகு அதே குரலில், ஓ நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் உடனே இங்கே வரவும், ஒரு பொம்பளைப்பிள்ளை உயிருக்குப் போராடுகிறது என்றார். அதையே இரண்டாம் முறையும் சொன்னார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. தங்கள் ரத்தம் என்ன வகை என்று அங்கே பாதிப்பேருக்குத் தெரிந்திருக்காது. கூவினால் போதும் என்று நினைத்திருந்தேன். கேட்கிறவனுக்குத் தன் விலாசம் தெரிந்திருக்க வேண்டுமே. அடுத்து எங்கே ஓடுவது என்று புரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போது, கூமாப்பட்டி வண்டிக்காக இரும்புப் பெட்டியோடு நின்ற ஒருவர் வந்தார். ராணுவத்திலிருந்து லீவில் வந்தவர்.

“எனக்கு அந்த ரத்தம்தான். இந்தா, தகட்டுல அடிச்சிருக்கு பாருங்க” என்று கழுத்தில் தொங்கிய ராணுவ அடையாளத் தகட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். அவர் மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, “போயிட்டு வாங்க. வண்டி பொறவு வரும்” என்றாள்.

ரத்தம் ஏற ஆரம்பித்த பிறகு டாக்டரம்மா ஒரு நிமிடம் வெளியே வந்தார். அதற்குள் ராஜபாளையத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து வராந்தாவில் நிறைந்திருந்தார்கள். ஒண்ணும் ஆகாது, ஆண்டாள் இருக்கா, பிள்ளை எழுந்து உட்காந்துருவா என்று ஆளாளுக்கு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் டாக்டரம்மாவிடம், “பொழைச்சுக்கிருவாளா?” என்று கேட்டேன்.

“தெரியாது” என்றார். “இப்பத் தெரியாது தம்பி. பாத்துக்கிட்டே இருக்கேன். தெரிஞ்ச உடனே நானே வந்து சொல்றேன்.”

அவர் உள்ளே போனதும் அம்மா வெடித்தாள். “நல்ல வார்த்தை ஒண்ணு வாயில வருதா பாரு இவளுக்கு. இவளையா கைராசின்னு நம்பி வந்தேன்.” யாரும் அம்மாவைத் தடுக்கவில்லை. எனக்கு மட்டும், காலையிலிருந்து அப்போதுதான் ஒருவர் என்னிடம் உண்மையாகப் பேசிய மாதிரி இருந்தது. பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த பெண்ணை அழைத்தேன். தங்கச்சி கணவரின் வீட்டில் போன் கிடையாது. அவர் ஆபீஸ் எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெரு. உடனே கிளம்பி வரச் சொல் என்றேன்.

“எப்படி இருக்காங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரட்டுமா?”

நாங்கள் எப்போதும் சொல்வது அதுதான். “வேண்டாம். பொழைப்பாளான்னு தெரியாது, டாக்டருக்கும் தெரியாதாம்னு அப்படியே சொல்லு” என்றேன். சரி, இப்போதே போகிறேன் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், இன்றைக்குத்தான் கடைசி நாள், உங்கள் பத்தியை அப்படியே விட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

“பழசை அடிச்சிரு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ.”

கேட்கப்பட்ட கணினிக்கு விடை தெரியாவிட்டால், அடுத்ததற்கு அனுப்பலாம். அனுப்பும்போது கேள்வி வந்த வழி முழுவதையும் கூடவே அனுப்ப வேண்டும். அந்த வழியில் தன் பெயரே இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். யாருக்கும் தெரியவில்லை என்றால், தெரியாது என்ற பதில் கேட்டவருக்குப் போயே ஆக வேண்டும். பூத்துக்காரர் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குளிர்நாட்டுக்காரருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்துக்கொள் என்றேன்.

திரும்பி வந்து காத்திருந்தேன். அப்பா மதுரையிலிருந்து ரத்தத்தோடு வந்து சேர்ந்தார், அதுவும் ஏறியது. ஆறுதல் சொன்னவர்களில் பலர் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பினார்கள். அம்மாவின் கண் பிரசவ அறைக் கதவை விட்டு நகரவில்லை. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழுந்து நின்றேன். ஒவ்வொரு முறையும் வந்தது நர்ஸ்தான்.

விளக்குப் போட்ட பிறகு டாக்டரம்மா வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனார்.

“இப்பத் தெரியும்மா. பொழைச்சுக்கிட்டா.”

ஒண்ணும் ஆகாது என்று பகல் முழுவதும் அத்தனை பேர் சொன்னபோதெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, அதைக் கேட்டபிறகுதான் வாய்விட்டு அழுதாள்.