இடுக்கி அக்கா அளந்த வீடு

இடுக்கி அக்கா ஜெனரேட்டர் பொருத்துபவர். வயது நாற்பது இருக்கும். இடுக்கி போல வயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் மீட்டர் எப்போதும் அவர் கையில் இருக்கும். அதனால் இந்தப் பட்டப்பெயர். அவர் சித்தி வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தது என் அதிர்ஷ்டம்!

சித்தப்பாவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போனால் சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். போன வாரம் மூன்று மணி நேரம் போய், ஆம்புலன்ஸில் ஓடினோம். ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருந்த வாட் கணக்கைக் கூட்டி, இரண்டு கேவிஏ சக்தியுள்ள ஜெனரேட்டர் போதும் என்று தீர்ப்பு சொன்ன மேதாவி நான்தான்.

அக்கா வந்தபோது வீடு கப்சிப். அளக்க வசதியாக இருக்கட்டுமே என்று மெஷினைத் தவிர எல்லாவற்றையும் சித்தி அணைத்து வைத்திருந்தார்.

"என்னம்மா, வீட்டையே தூங்க வச்சுட்டீங்க? எல்லாத்தையும் போடுங்க. தண்ணி மோட்டார் இருக்கா?"

"தொட்டியில தண்ணி கொறஞ்சா அதுவா ஓடும்க்கா," என்றேன்.

"அப்போ ஜெனரேட்டர்லயும் அதுவா ஓடுமே! குழாயெல்லாம் தொறந்து விடுங்க."

எல்லாவற்றையும் போட்டு, குழாய்களையும் திறந்து விட்டோம். அக்கா மெயின் வயரை மீட்டரால் கவ்விப் பிடித்திருந்தார். திடீரென மோட்டார் உறுமியது. மீட்டரில் நான்கு ஆம்பியரில் நின்ற எண் இருபத்தெட்டுக்குத் தாவி, கண்ணிமைப்பதற்குள் ஒன்பதில் வந்து உட்கார்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது!

"ஓடுறதுக்கு ஒன்பது. எந்திரிக்கிறதுக்கு இருபத்தெட்டு. நீங்க போன்ல சொன்ன ரெண்டு கேவிஏ அதத் தாங்காம அங்கயே படுத்துரும். கூடவே ஐயாவோட மெஷினும்."

சித்தி அவசரமாகக் குறுக்கிட்டார். "பத்து கேவிஏவாவே வாங்கிடலாம்மா!"

"எதுக்கு? வேலையே இல்லாம ஓடுற பெரிய டீசல் இன்ஜின் கரி புடிச்சு, நல்ல நேரம் பாத்து மக்கர் பண்ணும்." பிறகு குரல் இறங்கியது. "என் முதல் வேலை ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணை. நானும் லேபிளத்தான் கூட்டுனேன். ஃபேனெல்லாம் ஒண்ணா எந்திரிச்சதும் ஜெனரேட்டர் நின்னுருச்சு. காத்தில்லாம செத்த குஞ்சுங்கள நான்தான் அள்ளுனேன்."

அக்கா மீட்டரை வயரிலிருந்து கழற்றினார்.

"மோட்டார ஜெனரேட்டர் லைன்லேருந்து கழட்டிடுறேன். தண்ணி கொஞ்சம் காத்திருக்கட்டும். ஃபிரிட்ஜும் மெஷினும் ஒரே நொடியில எந்திரிச்சாலும் மூணு கேவிஏ தாங்கும்."

நான்காம் நாள் ஜெனரேட்டர் வந்தது. புகை உள்ளே வராதபடி, ஜன்னல்களை விட்டுத் தள்ளி, பின்புறக் கொட்டகையில் அக்கா அதை வைத்தார். சித்தப்பா சிலிண்டரில் மூச்சு விடும்போதே அக்கா மெயினை அணைத்து, ஜெனரேட்டரை ஓட்டி, மெஷினைப் போட்டு, ஆக்சிஜன் குழாயை அதற்கு மாற்றினார். அடுத்ததுதான் உண்மையான சோதனை. நடு நடுவே ஐந்து நிமிடம் விட்டு, ஃபிரிட்ஜை அணைத்து அணைத்துப் போட்டார். மூன்று தடவை. மீட்டரில் எண் எகிறும், அடங்கும். சித்தி என் தோளை நசுக்கிக்கொண்டிருந்தார். மெஷினின் சத்தம் ஒரு முறைகூட இடறவில்லை.

"ஏம்மா," சித்தப்பா கண்ணைத் திறந்தார். "சோதனைய எப்போ ஆரம்பிக்கப் போற? எனக்குத் தூக்கம் வருது."

"தூங்குங்கய்யா," என்றார் அக்கா. "முடிஞ்சுருச்சு."