சோலாருக்குக் கட்டிய சாமந்தி மாலை

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். கோணலாக எழுதுவேன், பாதி மறந்தும் போகும். நாலு பேர் முன்னால் பேச வெட்கம், அதனால் எழுதித் தருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் மலர் இன்ஜினியரிங் முடித்து, வெயிலில் கரண்ட் எடுக்கிற ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கச்சிராயபாளையத்தில் எங்கள் மாடியில் நாலு சோலார் பலகை மாட்டிவிட்டு, எவ்வளவு கரண்ட் வருகிறது என்று சென்னையில் இருந்தே போனில் பார்ப்பாள். வருஷம் போனதே தவிர ஆராய்ச்சி முடியவில்லை.

என் ஓரகத்தி ராணி அக்கா மகனோ கம்பெனி வேலைக்குப் போய்க் காரே வாங்கிவிட்டான். அக்கா வரும்போதெல்லாம் கேட்கும்.

"இன்னாடி தேவகி, உம் பொண்ணு இன்னும் படிச்சிக்கினே கீதா? பேரப்புள்ளையோட சேந்து பள்ளிக்கூடம் போவப்போவுதா?"

சிரித்து வைப்பேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கொரோனா அடங்கிய மறு வருஷம் ஆயுத பூஜை. அக்கா வீட்டுக் காருக்குப் பெரிய மாலை. பார்த்ததும் வயிறு எரிந்தது. என் மகள் பொருள் மட்டும் கம்மியா? கள்ளக்குறிச்சி போய் அதைவிடக் கனமான சாமந்தி மாலைகள் வாங்கி வந்தேன். காலையிலேயே ஒவ்வொரு பலகைக்கும் குறுக்கே கட்டி, சந்தனம் குங்குமம் அப்பினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை வரை தொடக் கூடாதே, அப்படியே விட்டுவிட்டேன்.

சாயந்திரம் மலர் போனில் அழுதாள். "காலையிலேர்ந்து கரண்ட் பாதிகூட வரலம்மா. இவ்ளோ நாள் செஞ்சதே தப்பு போலக்கீது. நாளைக்கு என் ஆராய்ச்சிக்கு கைடா இருக்கிற மேடம் நேர்ல பாக்க வர்றாங்க. நான் இத்தோட வுட்டுர்றேன்."

ராணி அக்கா கண்தான் பட்டுவிட்டது என்று அக்காவைத் திட்டித் தீர்த்தேன். விடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். ஆத்தா, என் பொண்ணு படிப்பைக் காப்பாத்து என்று அழுதேன். பூசாரி அம்மன் கழுத்தில் இருந்த மாலைகளை எடுத்துக்கொண்டே, "நேத்து பூவ எடுத்தாத்தான் ஆத்தா மொகத்துல வெளிச்சம் படும்" என்றார்.

ஆத்தாளே சொன்ன மாதிரி இருந்தது, மாடியில் பலகைக்குக் கட்டிய மாலைகள் ஞாபகம் வந்தன. வீட்டுக்கு ஓடி, கற்பூரம் காட்டி மறுபூஜையை முடித்து, மாலைகளைக் கழற்றி, பலகைகளை ஈரத்துணியால் துடைத்தேன்.

பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மலர் கூப்பிட்டாள். "யம்மா, ஏறிடுச்சும்மா! நீ இன்னா பண்ண?"

"மாலையக் கழட்டினேன்."

எந்த மாலை என்று கேட்டாள், சொன்னேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

மத்தியானம் வந்த மேடம் என்னைத் திட்டுவார்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர்களோ, "அந்த மாலைய திரும்பக் கட்டுங்கம்மா" என்றார்கள். கட்டக் கட்ட மலர் கரண்டைப் பார்த்து எழுதினாள். "நம்ம ஊர்ல இலை விழும், காக்கா எச்சம் போடும், பூஜையும் நடக்கும். இத்துணூண்டு நிழலுக்கு இவ்ளோ குறையுதுன்னா, அதுக்கு ஒரு வழி தேடு மலர்" என்றார்கள்.

அதையே தேடித்தான் மலர் டாக்டர் பட்டம் வாங்கினாள். இப்போது சோலார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எல்லாம் ஆத்தா போட்ட பிச்சை.

பொய் சொல்ல மாட்டேன், பொறாமை முழுசாகப் போகவில்லை. அக்கா மகன் மாடி வீடு கட்டுகிறான், பார்த்தால் இன்னும் எரிகிறது. எரியும்போது மாடிக்குப் போய்ப் பலகைகளைத் துடைக்கிறேன், அடங்குகிறது. நீங்களும் மனசில் எது இருந்தாலும் அப்படியே ஆத்தா முன்னால் போய் நில்லுங்கள். நல்ல மனசு வந்தபிறகுதான் கேட்பேன் என்று அவள் சொல்வதில்லை.

அந்த வருஷம் மாடியில் இருந்த பலகை நாலா ஆறா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. சோலார் சங்கதியில் தப்பு இருந்தால் யாராவது மலரிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். யார் மாலை பெரிசு என்று மட்டும் ராணி அக்காவிடம் கேட்க வேண்டாம்.