தொடர் பரிசோதனைக்கு வராதவர்

முகத்தை இழுத்துத் தைப்பதில் எத்தனை முறைகள் உண்டு என்று கேட்டால், இன்றும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜனுக்கு இருபது ஆண்டுகள் ஸ்டெனோவாக இருந்தவன் நான். அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, மருத்துவ இதழ்களுக்குக் கட்டுரையாகத் தட்டச்சு செய்து கொடுப்பேன். கத்தி பிடிப்பதைத் தவிர மற்றதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த அறிவு அக்காவுக்குத் தேவைப்பட்டது. கன்னாட் பிளேஸில் ஒரு டிராவல் கம்பெனியின் வரவேற்பு மேசையில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கரோல் பாக்கில் என்னோடுதான் இருந்தாள். வயது ஐம்பத்திரண்டு.

"மேனேஜர் கூப்பிட்டு, முன்னாடி இளசா ஒருத்தி வேணும், மேடம் நீங்க ரிக்கார்டு ரூமுக்குப் போயிடுங்கங்கறான். ஜன்னல் இல்லாத அந்தப் பொந்துல ஆறு வருஷம் என்னால முடியாதுடா. முகத்தை இழுத்துத் தைச்சுக்கப் போறேன். தினம் அதைத்தானே அடிக்கிறே? எந்த முறை நல்லது, சொல்லு."

சொன்னேன். பழைய முறையில் தோலை மட்டும் பிரித்து இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைப்பார்கள். உள்ளே ரத்தம் கட்டலாம். காதுக்குப் பின்னால் தோல் கருகலாம். நரம்புக்கு அவ்வளவாக ஆபத்தில்லை. ஆனால் சில ஆண்டுகளில் தோல் மறுபடி தொங்கிவிடும். புதிய முறையில் தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வையும் சேர்த்து இறுக்குவார்கள். அது நீடிக்கும். அந்தச் சவ்வுக்குக் கீழேதான் முகத்தை அசைக்கும் நரம்புகள் ஓடுகின்றன. அவை அசந்துபோனாலும் சில மாதங்களில் சரியாகிவிடும் என்று எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன்.

"நீடிக்கிறதையே பண்ணிக்கோ" என்றேன். ஆறு ஆண்டில் ஓய்வு பெறப்போகிறவளுக்குப் பழைய முறையே போதும் என்பது என் பெரிய மூளையில் உதிக்கவில்லை.

என் சர்ஜன்தான் செய்தார். கட்டுப் பிரித்தபோது அக்காவுக்குப் பத்து வயது குறைந்திருந்தது, சிரிக்காதவரை. சிரித்தால் வாயின் இடது ஓரம் எழும்பவில்லை. காப்பி அந்தப் பக்கமாக வழிந்தது. சில மாதங்கள் ஒரு வருடமாயின. மேனேஜர் அத்தனை நாள் காத்திருக்கவில்லை. அவளை ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிட்டான்.

அதன்பிறகு ஒருநாள், இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு சர்ஜன் கட்டுரை சொன்னார்.

"நிரந்தர நரம்புப் பாதிப்பு எவருக்கும் இல்லை. ஒருவர் மட்டும் தொடர் பரிசோதனைக்கு வரவில்லை."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நெக்ஸ்ட் பாரா" என்றார். இத்தனை ஆண்டுகளாக அவருடைய கட்டுரைகளில் ஏன் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "கட்டுரைல நான் இருக்கேனா?"

"இருக்கே. செக்கப்புக்கு வரலைன்னு."

"நானா வரல? போன வாரம்கூட அவர் ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்தேனேடா! பிஸின்னு சொல்லி அனுப்பினாங்க." கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதை நீயா அடிச்சே?"

"ஆமாம்."

கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்திருந்தேன். ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. தேடிப் பார்த்தாலும் ஓர் எழுத்துப் பிழை கிடைக்காது.