உச்சிக்குப் போனதும் ஒரு போன்

மலை ரோடு தொடங்குகிற இடத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது என் வாடகை ஸ்கூட்டர் கடை. முதுகில் மூட்டையோடு தேசம் தேசமாகச் சுற்றுகிற பிள்ளைகள்தான் எனக்குப் படியளக்கிறவர்கள். முதலாளி நான் என்றாலும் வருகிறவர்கள் தேடுவது சாவிக்காரரைத்தான். டயரில் காற்றுப் பார்த்து, பிரேக்கைச் சரிசெய்து, சாவியைக் கையில் கொடுப்பது அவர் வேலை. நான் அவரை அண்ணே என்பேன். கூடப் பிறந்தவர் இல்லை.

சாவியைச் சும்மா கொடுத்துவிட மாட்டார். "இறக்கத்துல பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வராதே, சூடாகிக் கழுத்தறுத்துடும். விட்டு விட்டுப் புடி" என்று பாடம் நடத்துவார். கடைசியில், "உச்சிக்குப் போனதும் எனக்கு ஒரு போன் அடிச்சிடணும்" என்பார். எப்போதோ ஒரு பையன் வளைவில் விழுந்து, விடியும்வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தான். அப்போது ஆரம்பித்த வழக்கம் அது.

போன் வந்துவிட்டால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. கிரீஸை அவசரமாகப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஓடுவார். "ஏறிட்டியா? குளிருதா? ஏதாவது சாப்பிட்டியா? மேகம் இறங்குறதுக்குள்ள கிளம்பிடு, என்ன?" அந்தப் பக்கம் ரெண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். இவரோ அன்று முழுக்க, "மேல நல்ல வெயிலாம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடையின் பின்னறைக்கே வந்துவிட்டவர். பிள்ளை குட்டி கிடையாது. அறையில் ஒரு கட்டில், தண்ணீர் சுடவைக்க ஒரு கெட்டில், ஜன்னலை மறைத்து அடுக்கிய பழைய டயர்கள். நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால், காலையில் வந்து ஏற்றும்வரை அவரோடு பேச ஒரு ஜீவன் கிடையாது.

போன வருஷம் எவளோ ஒரு புண்ணியவதி, 'வண்டி பரவாயில்லை, சாவி கொடுப்பவர்தான் மாமியார் மாதிரி விசாரிக்கிறார்' என்று இன்டர்நெட்டில் எழுதிவைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. எல்லா வண்டியிலும் டிராக்கர் மாட்டினேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது என் செல்போனில் புள்ளியாகத் தெரியும்.

"இனிமே யாரையும் போன் பண்ணச் சொல்லாதீங்கண்ணே. ஊர் சுத்த வந்ததுங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"சரிம்மா" என்றார்.

அவர் போன் ஊமையாகிவிட்டது. ஒருநாள் கல்லாவுக்கு எதிரே வந்து தயங்கி நின்றார். "என் போன் அடிக்குதான்னு ஒரு தடவை போட்டுப் பாரேன்." போட்டேன், அடித்தது. "நல்லாத்தானே இருக்கு? போய் வேலையைப் பாருங்கண்ணே" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு பெண் தனியாக வந்தாள். அவள் உயரத்துக்கு மூட்டை. பச்சை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிரித்தபடி கிளம்பினாள். மத்தியானத்துக்கு மேல் மலையே தெரியாதபடி மேகம் இறங்கிவிட்டது. சாவிக்காரர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"அந்தப் பச்சை வண்டி எங்க நிக்குதுன்னு பாரும்மா."

பார்த்தேன். "நம்ம கடை வாசல்லயே நிக்குதுன்னு காட்டுது. இதென்ன கூத்து?"

அவர் முகம் செத்துப்போனது. "நான்தான் ஒயரைப் புடுங்கிட்டேன். டிராக்கர் ரிப்பேர், மேல போனதும் போன் பண்ணுன்னு சொல்லி அனுப்பினேன். பண்ணலை. நான் போட்டாலும் போகலை."

"ஒயரைப் புடுங்கினீங்களா? எதுக்கு?"

"போன் பண்ணுவாளேன்னுதான்."

எனக்கு வாய் நீளம், கோபம் வந்தால் இன்னும் நீளும். "மூளை இருக்கா உங்களுக்கு? அவ எந்தப் பள்ளத்துல கிடக்கிறாளோ, நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்? பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது? மூட்டையைக் கட்டுங்க, நாளைக்கு இங்க இருக்கக் கூடாது!" போக அவருக்கு இடமில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவர் ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு மேகத்துக்குள் போனார். நான் கடை வாசலில் மலை ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். உடம்பெல்லாம் நனைந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. "பொண்ணு நல்லா இருக்கு. மேலயே தங்கிட்டு காலையில வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

மறுநாள் நான் ஷட்டரை ஏற்றியபோது கட்டிலில் படுக்கை இல்லை. எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவைத்திருந்தார். நான் ஏதாவது சொல்லட்டும் என்று அவரும், அவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்று நானும் இருக்கும்போதே பச்சை வண்டி வந்து நின்றது.

"ஸாரி ஆன்ட்டி" என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். "மேல விடுதியில நாலைஞ்சு பேர் அரட்டை அடிச்சுக்கிட்டிருந்தோம். போன்ல சார்ஜ் இல்லை, பண்ணணும்கிறதே மறந்துபோச்சு. திடீர்னு கதவைத் திறந்துக்கிட்டு அங்கிள் வந்து நின்னாரு பாருங்க, நடுங்கிக்கிட்டே! என்னைப் பார்த்ததும் அழுதுட்டாரு. எங்க வீட்ல நான் எந்த நாட்டுல இருக்கேன்னுகூட யாரும் கேக்கிறதில்லை."

சாவிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

"இருட்டப் போகுது, இங்கயே தங்கிடுங்க அங்கிள்னு எவ்வளவோ சொன்னேன். வீட்ல தேடுவாங்கன்னு ஒரு டீகூடக் குடிக்காம கிளம்பிட்டாரு. என்னாலதான் லேட்டு. வீட்ல திட்டினாங்களா ஆன்ட்டி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"திட்டாம என்ன செய்வாங்க?" என்றேன். "மழையில நனைஞ்சுக்கிட்டு நேரங்கழிச்சு வந்தா, வீட்ல இருக்கிறவ திட்டத்தானே செய்வா?"

சாவிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.