அத்தைக்கு வந்த பெட்டி

அத்தைக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்பே, அனுப்பியது யார் என்ற விசாரணை எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை லீவு.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். வரன் பார்க்கிற நேரத்தில் பெண் வெளியூர் ஹாஸ்டலில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பெரியப்பா சொன்னதால், வேலையை விட்டுவிட்டு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. பேசாத பெண்ணைப் பார்த்தால் எங்கள் வீட்டாருக்கு அடக்கம் என்று தோன்றாது. ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும்.

பெட்டியின் மேல் சென்னை முகவரியும் ஓர் ஆணின் பெயரும் இருந்தன. அம்மா அதை இரண்டு முறை படித்தாள்.

"யாரு இது?"

"கடைக்காரருங்க அண்ணி. மாடல் ஹெலிகாப்டர் விக்கிறவரு."

"கடைக்குன்னு ஒரு பேரு இருக்காதா?"

அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனாள். அம்மா என்னைப் பார்த்தாள். அன்று மதியமே எனக்கு வேலை கொடுக்கப்பட்டது. அத்தைக்குத் துணையாக நான் மாடியில் இருக்க வேண்டும். அவள் என்ன செய்தாலும், யாரிடம் பேசினாலும் கீழே வந்து சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய காரியத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாடி அறையில் அத்தை அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் தரையில் விரித்திருந்தாள். அதன் மேல் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் அரிசி அளவு திருகாணிகள், குட்டிப் பற்சக்கரங்கள், கம்பிகள். பறக்கிற பொருள் என்று சொல்ல அதில் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. சின்னப் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து அவள் ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினாள். இரும்பில் இறங்கும் ஒவ்வொரு திருகாணியின் முனையிலும் ஒரு குப்பியிலிருந்து நீல நிறத்தில் ஒரு சொட்டு வைத்தாள். நான் கீழே போய், "அத்தை கிட்ட நீலமா மருந்து ஒண்ணு இருக்கு" என்று சொன்னேன். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தாள். குப்பியைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"பசைங்க அண்ணி. மிஷின் சுத்தறப்ப திருகாணி கழண்டுக்காம இருக்கறதுக்கு" என்றாள் அத்தை.

அம்மா குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அன்றிலிருந்து மாடி அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று ஆனது.

பத்து நாளில் அது ஒரு வடிவத்துக்கு வந்தது. தும்பிக்கு இருப்பதுபோல் நீண்ட வால், வாலின் முனையில் ஒரு சின்ன விசிறி. மேலே மாட்ட வேண்டிய இரண்டு இறக்கைகளையும் அத்தை நடுவில் சேர்த்துக் கட்டி, ஓர் ஊசியின் மேல் தராசு போல நிறுத்தினாள். ஒரு பக்கம் தாழ்ந்தது. மறுபக்கத்து இறக்கையில் செலோடேப்பைக் கிழித்து ஒட்டினாள். பிறகு அதிலேயே பாதியைக் கத்தரித்து எடுத்தாள். ஒரு மத்தியானம் முழுக்க இதே வேலை. மயிரிழை கனம் கூடினாலும் ஆடியே உடைந்துவிடும் என்றாள். அதை நான் நம்பவில்லை. இவ்வளவு அக்கறையாக ஒருத்தி ஒரு பொம்மையைச் செய்வாளா?

உண்மையான சாட்சி எனக்கு மொட்டை மாடியில் கிடைத்தது. சிக்னல் கிடைக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுவாள். நான் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வால் நிற்க மாட்டேன் என்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும், இப்படித்தான் பேச்சு இருக்கும். ஆனால் நடுவில் அவள் சிரித்தாள். கீழே யாரிடமும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சொன்ன சேதிகளிலேயே அம்மாவை அதிகம் கலங்கடித்தது அந்தச் சிரிப்புதான்.

ஒருநாள் அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "இல்லீங்க, வூட்ல யாருக்கும் சொல்லல. நாளைக்கிக் காலையில ஆறு மணிக்கு ஏரிக்குப் போயிருவேன். அந்நேரத்துக்கு அங்க ஆளுங்க இருக்கமாட்டாங்க. பயமாத்தான் இருக்கு. கிளம்பிருச்சின்னா போதும், அப்பறம் பாத்துக்கலாம்."

நான் ஓடிப்போய் ஒரு எழுத்துகூட மாறாமல் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். 'கிளம்பிருச்சின்னா போதும்' என்பது மட்டும் என் வாயில் 'கிளம்பிட்டா போதும்' என்று ஆகிவிட்டது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அப்பா, பெரியப்பா, பெரியப்பாவின் இரண்டு பிள்ளைகள், சாட்சி சொல்ல நான், ஐந்து பேரும் ஏரிக்குள் சீமைக் கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த வருஷம் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெரியப்பா சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். பையன் வீட்டு ஆட்களோடு பேச வேண்டி வந்தால் மரியாதையாக இருக்க வேண்டுமாம். அப்பா மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடு ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வந்தாள். ஹெலிகாப்டரை எடுத்துத் தரையில் வைத்தாள். விழுந்தாலும் சாயாமல் இருக்க அதன் காலில் குறுக்காக இரண்டு குச்சிகள் கட்டி, நான்கு முனையிலும் பிளாஸ்டிக் பந்துகளைச் செருகியிருந்தாள். அவை ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த என்னுடைய பந்துகள். பிறகு பதினைந்து அடி எண்ணிப் பின்னால் நடந்தாள். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இறக்கைகள் சுற்றத் தொடங்கின. புழுதி கிளம்பியது. அது ஒரு சாண் எழும்பி, இடப்பக்கம் சறுக்கி, உட்கார்ந்தது. மறுபடியும் எழும்பி உட்கார்ந்தது.

"யாருக்கோ சிக்னல் குடுக்கறா போல" என்றான் பெரிய அண்ணன். எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்தோம். அங்கே இரண்டு எருமைகள்தான் நின்றன.

நான்காவது தடவை அது முழங்கால் உயரத்துக்கு வந்தது. வால் ஒரு பக்கம் சுழலப் பார்த்தது, பிறகு யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. அப்படியே மெதுவாக மேலே போனது. இடுப்பளவு, ஆளுயரம், அதற்கும் மேலே. என் வாய் திறந்துகொண்டது. அப்பா பாதி எழுந்துவிட்டார்.

அதற்கு மேல் பெரியப்பாவுக்குப் பொறுமை இல்லை. புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "எங்கடி அவன்?" என்றார்.

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் திரும்பிய நேரத்தில் அது சாய்ந்தது. இறக்கை தரையில் மோதித் தெறித்து, ஒரு துண்டு எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

அவள் எங்களிடம் வரவில்லை. ஓடிப்போய் முதலில் பேட்டரியைக் கழற்றினாள். அப்புறம்தான் நிமிர்ந்து எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாக என்னை. செல்போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"கடைசியா பேசுன நம்பருங்கண்ணா. நீங்களே கேளுங்க."

அப்பா அழுத்தினார். ஏரி அமைதியாக இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. வயதான ஒரு குரல், எடுத்ததுமே, "என்னம்மா, வாலு நின்னுச்சா?" என்றது.

அப்பா முறிந்து கிடந்த வாலைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"நின்னுச்சிங்க" என்றார்.

"நீங்க யாருங்க?"

"அண்ணன்."

"சந்தோஷங்க. முதல்ல உடையத்தான் செய்யும். உட்டுறாம திரும்ப ஓட்டச் சொல்லுங்க."

"சரிங்க" என்று அப்பா போனை வைத்தார். பெரியப்பாவுக்குத் திருப்தி இல்லை. குரலை மாற்றிப் பேசத் தெரியாதவனா என்று கேட்டுக்கொண்டே கரையேறினார். அண்ணன்கள் இருவரும் மண்டியிட்டு வெடிப்புகளில் திருகாணி தேடினார்கள்.

வீடு திரும்பும் வழியில் அத்தை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னது இதுதான்: "இனிமே ஒளியறதுன்னா தொட்டிக்கி மேக்கால ஒளிஞ்சிக்க. சாயங்காலத்துல நீ ஒளியற எடத்துலருந்து ஒன் நெழலு என் பக்கம் நீட்டமா விழுது."

உடைந்த பாகங்களுக்கு மாற்று வந்தது. அத்தை மறுபடியும் பூட்டினாள். இந்தத் தடவை சாயங்காலங்களில் எல்லோருக்கும் தெரியவே ஓட்டினாள். அப்பா கரையில் நின்று பார்ப்பார். ஒரு மாதம் கழித்து, வயலுக்கு வானத்திலிருந்து மருந்தடிக்கும் இயந்திரம் செய்கிற இடத்தில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். ஊர் சென்னை. பெரியப்பா கூடாது என்றார். அப்பா ஒருநாள் சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போகட்டும் என்றார்.

அப்பா அத்தையை மொரப்பூரில் ரயில் ஏற்றப் போகும்போது அம்மா என்னையும் அனுப்பினாள். என்ன வேலைக்கு என்று சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அவள் பெட்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று ஒருவர் விடாமல் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண், பலாப்பழத்தோடு ஒரு கிழவர், அவ்வளவுதான். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப தனியாவா போனா?"

"தனியாத்தான்."

அம்மா குழம்பைக் கிளறினாள். அதை இறக்கி வைத்துவிட்டு, "தனியாவா?" என்றாள். மறுபடியும் சொன்னேன். எனக்குச் சோறு போடும்போது மூன்றாவது தடவையும் கேட்டாள். தனியாக ஒருநாளும் ரயில் ஏறியிராத அம்மா, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா, வண்டி கிளம்பும்போது அத்தை அழுதாளா, சிரித்தாளா என்றும் கேட்டாள். இத்தனை நாள் உழைத்தும் என் வார்த்தையில் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. சாமி சத்தியமாகத் தனியாகத்தான் போனாள் என்று தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அம்மா சந்தேகப்பட்டுத்தான் கேட்கிறாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.