கூலன்ட் மூடி என்னிடம்தான் இருக்கிறது

ஏழுமலை அண்ணனின் கார் என்ஜினைக் கெடுத்தவன் நான். நான்கு மாதமாக அந்தப் பழியைச் சுமப்பவர் மெக்கானிக் சகாயம் அண்ணன். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த யோசனை உதித்த நொடியிலிருந்தே சொல்லிவிடுகிறேன். விக்கிரவாண்டியைத் தாண்டி ஒரு டீக்கடை. பானெட்டைத் தூக்கிவிட்டு நிற்கிறேன். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியின் வாய் திறந்து கிடக்கிறது, மூடியைக் காணோம். பச்சைத் தண்ணீர் பொங்கி என்ஜின் மேலெல்லாம் வழிந்திருக்கிறது. அப்போது டீக்கடைக்காரர் யாருக்கோ பார்சல் டீயைப் பாலிதீன் பையில் ஊற்றி, வாயைச் சுருட்டி, ரப்பர் பேண்டைப் போட்டார். பளிச்சென்று தோன்றியது... இதையே கட்டிவிட்டால் என்ன?

தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறிவிடும், என்ஜின் வெந்துபோகும். வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேருக்கு இதைப் பாடம் எடுத்திருப்பேன்! தெரிந்தேதான் கட்டினேன்.

"சூட்டுக்கு அது இளகிப் பூடும் தம்பி" என்றார் டீக்கடைக்காரர்.

"நான் மெக்கானிக்கல்ணா."

"அப்ப சரி. நமக்கு டீதான் தெரியும்."

அக்காவுக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. அதற்காகத்தான் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணனிடம் காரைக் கேட்டு வாங்கியிருந்தேன். அவர் அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்.

"டேய், நான் பஸ் புடிச்சி பூடறேன். நீ மெதுவா வண்டியப் பாரு" என்றாள் அக்கா. எங்கள் கண்ணெதிரே சென்னைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"உக்காருக்கா. இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"மிக்சியப் பிரிச்சப்பவும் இதான் சொன்ன. இன்னும் அம்மா அம்மியிலதான் அரைச்சிக்கினு கீறாங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்ததோ? இல்லை, அவளை ஏன் இழுக்க வேண்டும்... கெட்டது நானாகத்தான்.

காலையில் நடந்ததையும் கேளுங்கள். இரண்டு நாள் முன்புதான் சகாயம் அண்ணன் அந்த வண்டிக்கு ஓஸ் குழாய் மாற்றிப் புதுக் கூலன்ட் நிரப்பியிருந்தார். அதன் நிறத்தைப் பார்க்க எனக்கு ஓர் அரிப்பு. வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தேன். மூடியைக் கழற்றினேன். படம் எடுக்க இரண்டு கையும் வேண்டுமே, மூடியை எங்கோ வைத்தேன். 'வேலை பக்கா' என்று எழுதிப் படத்தைக் குழுவில் போட்டேன். அதற்குள் அக்கா குரல் கொடுத்தாள், பானெட்டை அறைந்து சாத்திவிட்டு ஏறிவிட்டேன்.

டீக்கடையில் நிற்கும்போதே இதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. என்ஜின் மேல் வைத்திருப்பேன், சாலையில் எங்கோ விழுந்திருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். தேடவில்லை. தேடினால் மறந்ததை அக்காவிடம் ஒப்புக்கொள்ள வேண்டிவருமே!

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டேன். அந்த வெற்றி என் தலைக்கு ஏறியது. உதிரிபாகக் கடையில் அந்த மாடல் மூடி நாளைக்குத்தான் வரும் என்றார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அண்ணனுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஆனால் பிற்பகல் அவருக்கு ஒரு சவாரி இருந்தது, பன்னிரண்டு மணிக்குள் வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். புதுப் பாலிதீன் பை, இரண்டு ரப்பர் பேண்ட், நான்கு பாட்டில் தண்ணீர். அக்காவைப் பேருந்தில் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை நிறுத்தி, சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரைப் போட்டேன். வியர்வையில் குளித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓட்டினேன். திடீரென ஒரு தட்டல் சத்தம். பிறகு வண்டி நின்றது. மறுபடி கிளம்பவில்லை. இளகி ஒட்டியிருந்த பாலிதீனைச் சுரண்டியெடுத்துப் பள்ளத்தில் எறிந்த பிறகுதான் அண்ணனுக்குப் போன் செய்தேன். "திடீர்னு சூடாயிட்ச்சிண்ணா."

அவரும் சகாயம் அண்ணனும் ஒரே பைக்கில் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்து வந்த சகாயம் அண்ணன் இறங்கி பானெட்டுக்குள் குனிந்தார்.

"மூடி எங்க?"

 ஏழுமலை அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை, நேராக அவரைப் பார்த்தார். "இன்னா சகாயம், மூடி போடாமயா அனுப்பன?"

"போட்டண்ணா..." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

 பின்சீட்டில் கிடந்த என் தோள்பையின் பக்க உறையில் தண்ணீர் பாட்டிலுக்காகக் கைவிட்டேன். பாட்டிலுக்கு அடியில் விரல்களில் தட்டுப்பட்டது... வட்டமாக, ஓரத்தில் பல்பல்லாக. காலையில் அங்கேதான் போட்டிருக்கிறேன்! போகவர வழியெல்லாம் பின்சீட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது.

நான் கையை வெளியே எடுக்கவில்லை. ஏன்? நான் படித்த பையன், அண்ணனின் தெருக்காரன், சொந்தக்காரன். சகாயம் அண்ணன் காலனியிலிருந்து வந்து கடை வைத்தவர். பழி எந்தப் பக்கம் சாயும் என்பது சாய்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். சாயட்டும் என்று நின்றேன். அன்றே குழுவிலிருந்து அந்தப் படத்தையும் அழித்தேன். அதன் ஓரத்தில் என் பையும், வாய் திறந்த தொட்டியும் தெரிந்தன.

ஏழுமலை அண்ணன் கார் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னார். வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போயின. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன், நான் அப்படிப்பட்டவன்தான். தாங்க முடியாதது போன வாரம் நடந்தது.

என் பைக்குக்கு ஆயில் மாற்றப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், மூன்றாவது முறையாக. ஆயில் ஊற்றி மூடியைத் திருகியவர் எழுந்திருக்கவில்லை. "தொட்டுப் பாரு தம்பி" என்றார்.

"எதுக்குண்ணா?"

"தொட்டுப் பாரேன். போட்டனா?"

"போட்டீங்க."

"ஆங். இப்ப எல்லாரையும் தொடச் சொல்லித்தான் அனுப்பறேன். என் கண்ண நானே நம்பறதில்ல."

நாற்பத்தைந்து வயது மனிதர். செய்யாத தவறைச் செய்ததாக நம்பி, தன் கையையே சந்தேகிக்கிறார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்ஜின் வேலைய உட்டுட்டேன்பா. பஞ்சர், ஆயிலு போதும். என்ஜின் தூக்கற செயின் பிளாக்க அனந்தபுரத்துக்காரர் ஒருத்தர் கேட்டாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கினு பூடுவாரு."

நான் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது முறையும்!

நாளை வெள்ளிக்கிழமை. சற்றுமுன் ஏழுமலை அண்ணனுக்குப் போன் செய்தேன், இனி தப்ப வழி இருக்கக்கூடாது என்பதற்காக.

"காலையில எட்டரைக்கு சகாயம் அண்ணன் கடைக்கு வாண்ணா."

"அவன் கடைக்கா? எதுக்குடா?"

"வாண்ணா. வந்தாத்தான் சொல்லுவேன்."

"பேஜாரு புடிச்சவன்டா நீ. வரேன்."

வார்த்தை வராவிட்டாலும் மூடியைச் சகாயம் அண்ணனின் உள்ளங்கையில் வைத்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் அடிப்பாரா, அழுவாரா, ஒன்றும் சொல்லாமல் ஷட்டரை இறக்குவாரா... தெரியாது. செயின் பிளாக் மட்டும் அங்கேயே தொங்க வேண்டும். இப்படி ஒரு பொய்யோடு நான்கு மாதத்தை நீங்கள் எப்படிக் கழிப்பீர்களோ, எனக்குக் கழிக்கத் தெரியவில்லை.

மூடியைப் பையின் அதே பக்க உறையில் வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. இந்த வரியை எழுதுவதற்குள் மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.